கணினிப் பழக்கமில்லாத வாடிக்கையாளர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி:
நான் தனியாக இணையதளங்கள் வடிவமைத்துக் கொடுத்து வருகிறேன். இப்போதைய வாடிக்கையாளர் தம் தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் பிரவுசர் வேறு, கூகுள் வேறு என்பதை அறியாதவர். தள முகவரியைத் தேடல் பெட்டியில் இட்டுவிட்டு, "நம் தளம் வரவில்லையே" என்கிறார். நேற்று நான் மாற்றிய முகப்புப் படம் தம் திரையில் மாறவில்லை என்று மூன்று முறை அழைத்துவிட்டார். வேலையைவிட விளக்கத்திற்கே நேரம் போகிறது.

மறுமொழி 1:
படம் மாறாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பிரவுசர் பழைய கோப்பைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொண்டு அதையே காட்டியிருக்கும். கோப்பின் பெயரில் ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்துவிட்டால், பிரவுசர் அதைப் புதிய கோப்பாகக் கருதித் தரவிறக்கிக்கொள்ளும். "கண்ட்ரோலையும் எஃப்5-ஐயும் சேர்த்து அழுத்துங்கள்" என்று தொலைபேசியில் பாடம் நடத்தும் வேலை மிச்சம்.

மறுமொழி 2:
எனக்குப் படங்கள்தாம் பெருந்தலைவலி. ஒருவர் லோகோவை வேர்டு கோப்பில் ஒட்டி, அச்சிட்டு, அந்தத் தாளைக் கைபேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். (ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் இருந்தது.) புகைப்படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும் என்பதால், டாக்குமென்டாக அனுப்பும் இடத்தைத் திரைப்பிடிப்பில் சிவப்பு வட்டமிட்டுக் காட்டினேன், மறுநாளே மூலக்கோப்பு வந்து சேர்ந்தது.

மறுமொழி 3:
பயிற்சி நேரத்தை ஒப்பந்தத்திலேயே தனியாகக் குறித்து, அதற்கும் கட்டணம் பெறுங்கள். இன்னொன்று: அவருக்குப் புரியாது என்பதற்காக டொமைனை (தள முகவரியை) உங்கள் பெயரில் பதிந்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
பதிப்பு எண்ணைச் சேர்த்தேன். இன்று அழைப்பு வரவில்லை. நன்றி.