ஓநாய்க்குக் கட்டும் கொடிக்கயிறு தம்பலகாமத்து நரிக்குச் சரிவருமா?

கேள்வி: திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில, எங்கட ஆட்டுப்பட்டியில் இரவில குட்டிகள் காணாமல் போகுது. வெளிநாட்டில ஓநாய் பயந்து ஒதுங்க, சிவப்புத் துணி தொங்கவிட்ட கொடிக்கயிறைப் பட்டியைச் சுத்தி இழுக்கினமாம். இங்க பிடிக்குமா?

பதில் 1: இலங்கையில ஓநாயே இல்லை, தம்பி. முதல்ல நரியா, கட்டாக்காலி நாயா எண்டு பாருங்கோ. ஈரமணலில நரியின் கால்தடத்தில் நடு இரண்டு விரலும் பின்பக்கம் ஒட்டியிருக்கும், நாய்க்குப் பிரிஞ்சிருக்கும். நாய்க் கூட்டமெண்டால் ஒரே இரவில பல ஆடுகளின் பின்தொடையைக் கடிச்சுக் குதறி, தின்னாமலே விட்டுப்போகும். குட்டி தடமில்லாமல் போனால் நரியில சந்தேகப்படலாம்.

பதில் 2: எது வருதெண்டு பார்க்க, அசைவு கண்டால் தானாப் படமெடுக்கிற கமரா வைக்கிறதெண்டால் முழங்கால் உயரம், கிட்டத்தட்ட 40 செ.மீ. கிழக்கு, மேற்குப் பார்க்க வைக்காதேங்கோ, வெயில் நேரே அடிக்கும். முன்னால நிக்கிற புல்லை வெட்டாட்டி, கச்சான் காற்றில ஆடுற புல்லே மெமரி காட்டை நிரப்பிப்போடும். நண்பகல் வெக்கையில உடம்புச்சூடும் வெளிச்சூடும் ஒண்டாகி உணரி தவறவிடும். இரவுப் படத்தை நம்புங்கோ.

பதில் 3: கொடிக்கயிறு ஓநாய்க்கே சில கிழமைதான், பிறகு பழகிப்போகும். குட்டி ஈனுற காலத்துக்கு மட்டும் ஓரளவு உதவும். நிரந்தரத்துக்குக் கம்பிவலை வேலிதான்: 5 அடி உயரம், அடியில 2 அடியை வெளிப்பக்கம் மடிச்சு நிலத்தில விரிச்சுக் கல் வையுங்கோ. நரி வேலியின் அடியிலதான் தோண்டும், அங்க வலை தட்டுப்படும். படலைக்குக் கீழ விடுற இடைவெளியைத்தான் எல்லாரும் மறக்கினம்.

செத்த ஆட்டில நஞ்சு வைக்காதேங்கோ, ஊர் நாயும் பருந்தும் சாகும். பகலில பயமில்லாமல் கிட்ட வாற நரிக்கு விசர்நோய் (ரேபீஸ்) இருக்கலாம். கடிச்சால் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு.