கடல் தூண்டிலுக்கு இயற்கை இரை: தேர்வு, சேகரிப்பு, கோக்கும் முறை

கேள்வி

கரையிலிருந்து கடலில் தூண்டில் போடத் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. இதுவரை உறைந்த இறாலை மட்டுமே இரையாகப் பயன்படுத்தி வருகிறேன். வீசும்போதே பாதி இறால் முள்ளிலிருந்து கழன்று போய்விடுகிறது. மீதியை, நீரில் விழுந்த சில நிமிடங்களுக்குள் சிறு மீன்கள் கொறித்துத் தின்றுவிடுகின்றன. என் அருகில் தூண்டில் போடும் பெரியவர் ஒருவர் நீர் வற்றிய நேரத்தில் தாமே தோண்டி எடுத்த புழுக்களையும், கத்தியால் சீவிய கணவாய்த் துண்டுகளையும் கொண்டுவருகிறார். எனக்கு ஒன்றும் கிடைக்காத நாளிலும் அவருக்கு மீன் படுகிறது. எந்த இடத்துக்கு எந்த இரை பொருந்தும், அதை நாமே சேகரிப்பது எப்படி, முள்ளில் நிற்கும்படி கோப்பது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நண்பரே, நீங்கள் நிற்கும் இடத்தில் மீன் அன்றாடம் எதைத் தின்கிறதோ அதுவே அங்கே சிறந்த இரை. அலை புரளும் மணற்கரையில் கிழங்கான் போன்ற மீன்கள் புழுவையும் சிறு மட்டியையும் தேடி மணலைக் கிளறுகின்றன. பாறை இடுக்குகளில் வாழும் கலவா மீன் நண்டையும் கணவாயையும் சிறு மீனையும் விழுங்குகிறது. கொடுவா, சீலா போன்றவை ஓடும் இரையைத் துரத்திப் பிடிப்பவை என்பதால், அவற்றுக்கு உயிருள்ள மடவைக் குஞ்சோ இறாலோ ஏற்றது. பிடித்த மீனை அறுக்கும்போது அதன் இரைப்பையைத் திறந்து பாருங்கள். இரையைப் பற்றி நான் கற்றவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

சிறு மீன்களின் தொல்லைக்குக் கணவாயைப் பரிந்துரைக்கிறேன். அதன் தசை உறுதியானது, எளிதில் கிழியாது. தோலையும் உள்ளிருக்கும் மெல்லிய தண்டையும் நீக்கி, விரல் நீளத்துக்கு, ஒரு முனை கூர்ந்திருக்குமாறு நறுக்குங்கள். அகன்ற முனையில் மட்டும் முள்ளை ஓரிரு முறை குத்தினால், மறுமுனை நீரோட்டத்தில் உயிருள்ளதுபோல் அசையும். மத்தியும் கானாங்கெளுத்தியும் எண்ணெய் மிகுந்தவை என்பதால், மீன் கண்ணைவிட மணத்தை நம்பித் தேடும் கலங்கல் நீரிலும் இரவிலும் நன்கு பயன்படுகின்றன. ஆனால் அவற்றின் தசை மென்மையானது, வீசும்போது சிதறும். மெல்லிய எலாஸ்டிக் நூலை இரையின்மேல் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டால் அது நிற்கும்.

இறாலை விட்டுவிட வேண்டியதில்லை. தலையைக் கிள்ளிவிட்டு, ஓட்டை உரிக்காமல், உடலின் வளைவும் முள்ளின் வளைவும் ஒத்துப்போகும்படி நீளவாக்கில் கோத்து, முள்முனையைக் கட்டாயம் வெளியே விடுங்கள். முனை இரைக்குள் புதைந்திருந்தால் மீன் கடித்தாலும் முள் ஏறாது. எந்த இரையானாலும் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மணம் கரைந்து போன இரை முள்ளில் இருந்தும் பயனில்லை.

மறுமொழி 2

சேகரிப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட உள்வாங்குவதால், மற்ற நாட்களில் நீருக்கடியில் கிடக்கும் மணற்பரப்பு வெளியே தெரியும். நீர் முழுவதும் வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கி, ஏற்றம் தொடங்கியதும் கரை திரும்பிவிடுங்கள். மணலின்மேல் சுருள் சுருளாகப் பிதுக்கிய குவியலும், அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு குழியும் தெரிந்தால், கீழே லாட வடிவ வளையில் மணற்புழு இருக்கிறது என்று பொருள். குவியலுக்கும் குழிக்கும் நடுவே தோண்டினால் புழு முழுதாகக் கிடைக்கும். அறுபட்ட புழுவை மற்றவற்றோடு போடாதீர்கள், ஒன்று அழுகத் தொடங்கினால் எல்லாம் கெடும். நல்ல தண்ணீர் பட்டாலும் கடற்புழு செத்துவிடும் என்பதால், கடல்நீரில் நனைத்த பாசியோ மணலோ இட்ட பெட்டியில் நிழலில் வையுங்கள்.

தோண்டிய குழியை மூடுவதும், புரட்டிய கல்லைப் பழையபடி வைப்பதும் நம் கடமை. கல்லின் அடிப்பக்கத்தில் ஒட்டி வாழும் உயிர்கள் வெயிலில் சில மணி நேரத்தில் மடிந்துவிடும். முட்டை சுமந்த நண்டை எடுக்காதீர்கள். வெப்பமண்டலக் கடற்கரைகளில் கூம்பு வடிவ அழகிய சங்கு கண்ணில் பட்டால், காலியாகத் தோன்றினாலும் கையால் தொட வேண்டாம். கூம்புச் சங்குகளின் நச்சால் மனிதர் இறந்ததுண்டு. அடித்தளம் தடித்த காலணி இல்லாமல் பாறைப் பகுதியில் நடக்கவும் வேண்டாம். உயிரினங்களை எடுக்கத் தடையுள்ள பகுதியா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மத்தியும் இறாலும் மீந்துபோனால் மறுபடி உறையவைக்கலாமா? உணவுக்காக விற்கும் இறாலை வாங்கி இரையாக்குவதில் தவறு உண்டா?

மறுமொழி 3

மறுபடி உறையவைப்பது வேண்டாம். உறையும்போது தசைக்குள் உருவாகும் பனிப்படிகங்கள் உயிரணுக்களைக் கிழித்துவிடுகின்றன. அதனால்தான் உருகிய மத்தி குழைந்து போகிறது, இரண்டாம் முறை உறையவைத்தால் முள்ளில் நிற்கவே நிற்காது. மாறாக, புதிய மத்தியைக் கல்லுப்பில் அடுக்கி ஓர் இரவு வைத்து, ஊறிய நீரை வடித்துவிட்டு, அதன் பிறகு ஒரு நாள் பயன்பாட்டுக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறையவையுங்கள். உப்பு நீரை இழுத்துவிடுவதால் சதை இறுகிவிடும். உப்பிட்ட இறாலும் இப்படியே நன்றாக இருக்கும். வேட்டை மீன்களுக்கு மட்டும் நான் உப்பிட்டதை விரும்புவதில்லை. புதிய இரையின் சாறு அதில் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது கேள்வியைக் கேட்டது நல்லது. வளர்ப்பு இறாலைத் தாக்கும் வெண்புள்ளி நோயின் வைரசு மனிதருக்குத் தீங்கு செய்யாது என்பதால், அது கலந்த இறால் உணவுச் சந்தைக்கு வந்துவிட முடியும். உறையவைத்தாலும் வைரசு அழிவதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2016-ஆம் ஆண்டு இறால் பண்ணைகளில் அந்நோய் கண்டறியப்பட்டது. உணவுக்காக விற்கும் இறாலை இரையாக்க வேண்டாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் தூண்டில் போடுவோரிடம் வலியுறுத்துகிறார்கள். ஆகவே தொலைவிலிருந்து வந்த இறாலைவிட, நீங்கள் மீன்பிடிக்கும் அதே நீரில் பிடித்த இறாலே நல்லது. வேறிடத்திலிருந்து வந்த உயிருள்ள புழு மீந்தால் அதையும், அதைப் பொதிந்து வந்த பாசியையும் கடலில் கொட்டாமல் குப்பையில் போடுங்கள். அந்தப் பாசியில் ஒட்டிவரும் அயல் உயிர்கள் புதிய இடத்தில் வேரூன்றிவிடக்கூடும்.