கலைச்சொல் உதவி: மருந்து தேட உதவும் ஒளிரும் பாக்டீரியாவுக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய பாடம் ஒன்று ஒரே சொல்லில் நின்றுவிட்டது. தமிழ்வழியில் நுண்ணுயிரியல் படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்கானது. மாஸ்கோவின் லொமொனோசொவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட முறையைப் பற்றிய பகுதி அது. ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் இரண்டு ஒளிர்புரதங்களின் மரபணுக்களை வைத்திருக்கிறார்கள். டி.என்.ஏ. சேதமானால் ஒன்று விழித்துக்கொள்ளும், புரதம் செய்யும் ரைபோசோம் வேலைக்கு நடுவே முடங்கினால் மற்றது. இந்தப் பாக்டீரியாவை, நுண்ணுயிர் வளர்க்கும் அகார் தட்டு முழுக்கப் பரப்பி, சோதிக்க வேண்டிய சாற்றை ஒரு சொட்டு விட்டு மறுநாள் பார்க்கிறார்கள். சொட்டு விழுந்த இடத்தில் எல்லாம் செத்து வெறுமையாகக் கிடக்கும், அதைச் சுற்றி ஒரு ஒளிவளையம் இருக்கும். ஒளிர்வது எந்தப் புரதம் என்று பார்த்தால் மருந்து உயிரணுவில் எங்கே கைவைக்கிறது என்பது தெரிந்துவிடும். ரைபோசோமை முடக்கும் எரித்ரோமைசின் மருந்துக்கு ஒரு வளையம், டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் லெவோஃப்ளாக்சசினுக்கு வேறொரு வளையம்.

ஆங்கிலத்தில் இதற்கு 'ஃப்ளோரசன்ட் ரிப்போர்ட்டர்' என்று பெயர். நான் "ஒளிரும் அறிவிப்பாளர் பாக்டீரியா" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, "வானொலி அறிவிப்பாளரா அக்கா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நல்ல சொல் தாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி

*

அம்மா, வணக்கம்.

சொல்லைத் தேடுமுன் வேரைப் பார்ப்போம். இந்த ஒளிக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ளோரசன்ஸ்' என்று பெயர் வைத்தவர் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர், ஆண்டு 1852. அவர் ஆராய்ந்தவற்றில் கொயினா மருந்துக் கரைசலும் உண்டு, ஆக மருந்துக்கும் இந்த ஒளிக்கும் உறவு அன்றே இருந்திருக்கிறது! ஆனால் பெயரை அவர் மருந்திலிருந்து எடுக்கவில்லை, புளோரைட் என்ற கல்லிலிருந்து எடுத்தார். அந்தக் கல்லுக்கு ஏன் அந்தப் பெயர்? உலோகம் உருக்கும்போது அதைச் சேர்த்தால் கசடு இளகி ஓடும். 'ஓடுதல், ஒழுகுதல்' என்ற லத்தீன் வேர்தான் அது. எனவே 'ஒழுகொளி' என்பதே வேருக்கு நேர்மையான சொல். ஒழுகு என்பதற்கு நம்மிடம் 'ஒழுக்கம்' வரை கிளை இருக்கிறது, வேண்டுமானால் தனி மடலில் எழுதுகிறேன்.

அடுத்து அந்த அறிவிப்பாளர். எதிரியின் செய்தியைக் கொண்டுவருபவனுக்கு வள்ளுவர் ஒரு அதிகாரமே தந்திருக்கிறார். 'ஒற்று' என்று வையுங்கள். ஒற்றுப் பாக்டீரியா. இரண்டு புரதம் என்கிறீர்கள், அதற்கும் குறள் இருக்கிறது: "ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்."

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

*

ஐயா, குறளைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் ஆய்வகத்தில் இந்த வேலையையே செய்கிறவள் என்ற முறையில் இரண்டு இடத்தில் மறுக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, அந்த இரண்டு புரதங்களும் ஒரே செய்தியைச் சரிபார்க்கும் இரண்டு ஒற்றர்கள் இல்லை, இரண்டும் வெவ்வேறு செய்தி சொல்கின்றன. இன்னொன்று, அதே அதிகாரத்தில் "உகாஅமை வல்லதே ஒற்று" என்றும் வருகிறது. மறைத்ததை வெளியே விடாமல் இருக்கத் தெரிந்ததுதான் ஒற்று. எங்கள் பாக்டீரியா மறைப்பதற்காக இல்லை, அடிபட்டதும் எல்லார் கண்ணுக்கும் தெரியக் காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை.

அக்காவுக்கு ஒரு விஷயம், சொல்லைவிட இது முக்கியம். மருந்து தேடுவதில் ஒளிரும் பாக்டீரியா இரண்டு விதமாகப் பயன்படுகிறது, இரண்டும் நேரெதிர். காசநோய்க் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தட்டில் கண்ணுக்குத் தெரியும்படி வளர வாரக்கணக்கில் ஆகும். அதனால் பச்சை ஒளிர்புரதத்தை எப்போதும் உண்டாக்கும்படி கிருமியை மாற்றிவிட்டு, மருந்து போட்டபின் ஒளி கூடுகிறதா என்று அளக்கிறோம். ஒளி கூடாமல் நின்றால் மருந்து வேலை செய்கிறது. மாஸ்கோ முறையில் கதை தலைகீழ். அங்கே பாக்டீரியா சாதாரணமாக இருட்டாக இருக்கும், மருந்து வேலை செய்தால்தான் ஒளி வரும். அதுவும் சொட்டின் நடுவில் வராது, செத்த உயிரணு எதையும் சொல்லாது. ஓரத்தில் மருந்து நீர்த்துப்போய், சாகாமல் அவதிப்படும் உயிரணுக்கள்தான் ஒளிர்கின்றன. வளையமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

இரண்டையும் "ஒளிரும் பாக்டீரியா" என்று எழுதிவிட்டால் மாணவர்கள் தேர்வில் தலைகீழாக எழுதுவார்கள். நிறத்தை வைத்தும் பெயர் வைக்காதீர்கள். மாஸ்கோ முறையின் இரண்டு புரதங்களும் கடல் சாமந்தி என்ற கடல்விலங்கிலிருந்து வந்தவை, இரண்டுமே சிவப்புப் பக்கம் ஒளிர்பவை. ஆய்வுக் கட்டுரைப் படத்தில் ஒன்று பச்சையாகத் தெரிவது பிரித்துக்காட்டப் பூசிய நிறம்.

நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி, சென்னை

*

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையில் நாங்கள் 'புளோரொளிர்வு' என்றுதான் படிப்பிக்கிறோம். கேட்டவுடனே எந்த ஒளிர்வு என்று பிள்ளைகளுக்கு விளங்கும், உலகத்தில் வேறு எங்கு போய்ப் படித்தாலும் அந்தச் சொல்லோடு தொடர்பு அறாது. 'ஒழுகொளி' என்றால் விளக்கிலிருந்து வெளிச்சம் கசிவதாகத்தான் பிள்ளை நினைக்கும். எங்களுக்குப் பற்றீரியா, உங்களுக்குப் பாக்டீரியா, எழுத்து வேறானாலும் இரண்டு பக்கமும் விளங்குகிறது. விளங்குகிற சொல்லை ஏன் கைவிட வேண்டும்?

உயிரியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

*

யாழ்ப்பாணத்து நண்பருக்கு: விளங்குகிறது என்பதற்காக வேற்றுச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டால் தமிழில் அறிவியலே வேண்டியதில்லையே. பாக்டீரியா என்பதற்குக் கிரேக்கத்தில் 'சிறு கோல்' என்றுதான் பொருள். 'கோலுயிரி' என்று நாம் என்றைக்கோ சொல்லியிருக்க வேண்டும்.

தஞ்சாவூர்

*

ஐயா, உருண்டையான பாக்டீரியாவும் இருக்கிறதே, அதையும் கோலுயிரி என்றா சொல்வோம்?

நான் இயற்பியல்காரன், ஒளிர்வு பற்றி மட்டும் சொல்கிறேன். 'உடனொளிர்வு' என்று ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஒளி பட்டுச் சில நானோநொடியில் திருப்பி ஒளிர்ந்து முடிந்துவிடுவதால் 'உடன்', அணைத்த பிறகும் நீடிப்பது 'நின்றொளிர்வு'. இணையாகப் பார்த்தால் அழகு. தனியாகப் பார்த்தால் உடன்பிறப்பு, உடன்பாடு மாதிரி 'சேர்ந்து ஒளிர்வது' என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. வெளியிலிருந்து ஒளி பாய்ச்சினால்தான் இது ஒளிரும், மின்மினி தன் வேதிவினையால் தானே ஒளிரும். அந்த வேறுபாட்டைச் சொல் காட்ட வேண்டும் என்றால் 'தூண்டொளிர்வு' பொருந்தும்.

அப்புறம் அறிவிப்பாளருக்கு. பள்ளி வேதியியலில் நிறங்காட்டி என்று எல்லாரும் படித்திருக்கிறோம். கரைசலின் நிலை மாறினால் நிறத்தைக் காட்டுவது அது. உயிரணுவின் நிலை மாறினால் ஒளிர்ந்து காட்டுவது 'ஒளிர்காட்டி'. வினைத்தொகை என்பதால் நடுவில் வல்லினம் மிகும் சிக்கலும் இல்லை.

கோவை

*

ஒளிர்காட்டிக்கு என் வாக்கு. எப்போதும் ஒளிரும் வகையை 'ஒளிர்குறி இட்ட பாக்டீரியா' என்று தனியாக வைத்துவிட்டால் எனக்கு நிம்மதி. தூண்டொளிர்வில் மட்டும் ஒரு தயக்கம் இருக்கிறது அண்ணா. உயிரியலில் மரபணுவைத் 'தூண்டுவது' என்று வேறொரு பொருளில் பக்கத்துக்குப் பக்கம் எழுதுகிறோம். இந்தப் பாடத்தில் இரண்டு தூண்டலும் ஒரே வாக்கியத்தில் மோதும்.

சென்னை

*

எனக்கும் ஒளிர்காட்டி சரி. ஆனால் அடைப்புக்குள் புளோரொளிர்வு என்றும் போடுங்கோ, எங்கட பிள்ளைகளும் இந்தப் புத்தகத்தைப் பாவிக்கக்கூடும்.

யாழ்ப்பாணம்

*

அனைவருக்கும் நன்றி. இன்று இரவு அனுப்பியாக வேண்டும், அதனால் இப்படி முடித்திருக்கிறேன். மாஸ்கோ முறைக்கு 'ஒளிர்காட்டி பாக்டீரியா', காசநோய் எடுத்துக்காட்டுக்கு 'ஒளிர்குறி இட்ட பாக்டீரியா'. இரண்டின் வேறுபாட்டுக்கும் தங்கை சொன்ன விளக்கத்தையே ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன், அது மூலத்தில் இல்லாதது. அந்த ஒளிக்கு 'உடனொளிர்வு' என்றே விட்டிருக்கிறேன், முதல்முறை வருமிடத்தில் மட்டும் அடைப்புக்குள் புளோரொளிர்வு. அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அடுத்த பதிப்புக்குள் நல்ல சொல் கிடைத்தால் மாற்றுவேன்.

திருச்சி

*

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன் அம்மா. ஆனால் 'காட்டி' ஒரு கருவியின் பெயர், உயிருள்ள ஒன்றுக்கு அது பொருந்தாது. ஒற்றுதான் சரி என்று இன்னும் நினைக்கிறேன். 'உகாஅமை' பற்றி ஆய்வு மாணவி சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. எதிரியிடம் உகாமைதான் அங்கே பேச்சு, அரசனிடம் அல்ல. உரைகளை எடுத்துவைத்துக்கொண்டு நாளை விரிவாக எழுதுகிறேன்.

தஞ்சாவூர்