மாருதி 800-ன் கறுப்பு பம்பர் வெளுத்துவிட்டது: மீட்கலாமா, மாற்ற வேண்டுமா?

பழைய800:
அப்பா வாங்கிய 2004 மாருதி 800, இன்னும் தினமும் ஓடுகிறது. பெயிண்ட் அடிக்காத கறுப்பு பம்பர் இரண்டும் சாம்பல் நிறமாகிவிட்டன, தேய்த்தால் கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. கிரில்லை மாட்டும் காது (வண்டியோடு பிடித்துவைக்கும் நீட்டம்) ஒன்று உடைந்து ஆடுகிறது. கதவில் ஒட்டிய பீடிங் (பிளாஸ்டிக் பட்டை) முனையில் பெயர்கிறது. வாட்டர் வாஷ் கடையில் போடும் பாலிஷ் ஒரு மழைக்குக்கூடத் தாங்குவதில்லை. ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) காட்டலாம் என்கிறார் ஒருவர், பெயிண்ட் அடித்துவிடு என்கிறார் இன்னொருவர். வண்டியை விற்கிற எண்ணமே இல்லை. எது நிலைக்கும்?

கோவை_கராஜ்:
முதலில் ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்தையும் பாருங்க. பிபி (PP), ஏபிஎஸ் (ABS) என்று எந்த வகைப் பிளாஸ்டிக் என்பது அச்சாகி இருக்கும். அதைப் பார்க்காமல் எதையும் தடவாதீங்க.

பம்பர் பெரும்பாலும் பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு மேல்தோல் மட்டும் சிதைந்து பொடியாகிறது. அடியில் கறுப்பு அப்படியே இருக்கும். சோப்பும் நார் பிரஷும் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிடுங்க. அப்புறம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, பழைய பாலிஷ் போகும்வரை துடைங்க. அதன்மேல் பிளாஸ்டிக் டிரிம்முக்கான செராமிக் கோட்டிங்கை நிழலில் மெல்லிசாகப் போட்டு, ஒரு நாள் தண்ணீர் படாமல் வையுங்க. பாலிஷைவிட இது பல மடங்கு நிற்கும்.

ஹீட் கன் காட்டியதும் கறுப்பாகிவிடும், உண்மைதான். ஆனால் வெயிலைத் தடுக்கும் சரக்கு எதுவும் அதனால் உள்ளே போவதில்லை, மறுபடி வெளுக்கும். ஒரே இடத்தில் நின்றால் சொரசொரப்பு உருகி வழவழப்பாகிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

டிங்கர்_பெயிண்டர்:
பெயிண்ட் வேண்டாம் தம்பி. பிபியில் பெயிண்ட் தானாகப் பிடிக்காது, அதற்கென்று பிளாஸ்டிக் பிரைமர் அடிக்கணும். போதாததற்குப் பழைய பாலிஷில் சிலிக்கோன் இருந்தால் பெயிண்ட் குழி குழியாக விலகும். நல்ல ஒரிஜினல் பம்பரை ஏன் கெடுக்கணும்?

பழைய800:
நன்றி அண்ணா. கிரில் உள்ளே ஏபிஎஸ் என்று இருக்கிறது. ஒட்டலாமா, புதிது வாங்கவா?

கோவை_கராஜ்:
ஏபிஎஸ் என்றால் ஒட்டலாம். ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். உடைந்த ஏபிஎஸ் துண்டுகளைக் கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றிக் கூழாக்கி, காதின் பின்பக்கம் சின்னக் கம்பிவலை வைத்துப் பூசுங்க. காற்றோட்டமான இடம், பக்கத்தில் தீ கூடாது. ஒரு நாளாவது காயட்டும். பிபியில் இந்த வேலை நடக்காது, சூப்பர் க்ளூவும் பெயர்ந்துவிடும். அதற்கு பிபி குச்சி வைத்து பிளாஸ்டிக் வெல்டிங்தான்.

வாங்குவதாக இருந்தால் டூப்ளிகேட்டுக்கு முன்னால் சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ இருக்கும் பழைய பாகக் கடைகளில் ஒரிஜினல் தேடுங்க. வெளுத்திருந்தால் பரவாயில்லை, அதை மீட்கலாம். காதும் கிளிப் துளையும் முழுசாக இருக்கான்னு மட்டும் பாருங்க.

டிங்கர்_பெயிண்டர்:
பீடிங்கைப் பிய்த்து இழுக்காதே, வளைந்துவிடும். இருந்த இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்துவிட்டு, ஹேர் டிரையரில் சூடு காட்டி, பின்னால் மீன்பிடி நரம்பை விட்டு அறு. மிச்சப் பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ஆட்டோமொபைல் ஃபோம் டேப் போட்டு அழுத்து. பாகங்களை மாட்டும் கிளிப்பை மட்டும் எப்போதும் புதுசாகப் போடு, பழையது கழற்றும்போதே முறியும்.