சக்குபஸ் என்பதை மோகினி என்று எழுதலாமா? காசிமேட்டுப் பேய்க்கதைக்கு யோசனை வேண்டும்

ஐஸ்பார்:
வணக்கம். காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். ஏலம் சூடுபிடிக்கும்வரை பெரிதாக வேலை இருக்காது. அந்த நேரத்தில் போனில் கதை எழுதுவேன். இப்போது எழுதுவது பழிவாங்கும் கதை. விசைப்படகு முதலாளி ஒருவன், கல்யாண ஆசை காட்டி ஏமாற்றிய பெண்ணைப் படகின் மீன் கொட்டும் அடியறையில் போட்டுப் பூட்டிவிடுகிறான். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்த அன்று. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் யாரும் அந்த மூடியைத் திறக்க மாட்டார்கள். அவள் சக்குபஸாக வந்து, தூக்கத்தில் அவனையும் கூட்டாளிகளையும் முடிக்கிறாள். கொம்பு, இறக்கை எல்லாம் வைத்தேன். கூட வேலை பார்க்கிறவன் படித்துவிட்டு, "மீன் பொறுக்க வந்த பருந்துன்னு நினைச்சுக் கல்லெடுத்து அடிப்பாங்கடா" என்றான். மோகினி என்று மாற்றினால் சரியாகிவிடுமா?

கொண்டித்தோப்பு வாத்தியார்:
தம்பி, சக்குபஸ் லத்தீனிலிருந்து வந்த பெயர். அடியில் படுப்பவள் என்று அர்த்தம். தூங்கும் ஆண்களிடம் வந்து சத்தை உறிஞ்சுவாள் என்று இடைக்கால ஐரோப்பாவில் நம்பினார்கள். அவளுக்குச் சொந்தப் பகை கிடையாது, எவன் அகப்பட்டாலும் சரி. நம் மோகினிப் பிசாசும் ஏறக்குறைய அப்படித்தான். உங்கள் பெண்ணுக்குத் தீர்க்க ஒரு கணக்கு இருக்கிறது. அவள் நீலி.

பழையனூர் நீலி. திருவாலங்காட்டுக்குப் பக்கம், பேசின் பிரிட்ஜில் அரக்கோணம் லோக்கல் ஏறினால் போய்விடலாம். முற்பிறவியில் தன்னைக் கொன்ற புருஷன், இந்தப் பிறவியில் வணிகனாக அந்த ஊருக்கு வருகிறான். கையில் பேய் அண்டாத மந்திரக் கத்தி. நீலி பறக்கவும் இல்லை, பல்லைக் காட்டவும் இல்லை. கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷன் என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். பிள்ளை அவனை அப்பா என்கிறது. வேளாளர் 70 பேர், "உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு, கத்தியைக் கொடுத்துவிட்டு இவளோடு போ" என்கிறார்கள். விடிந்தால் பிணம். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்கினார்கள். நீலிக் கண்ணீர் என்று இன்றும் சொல்கிறோமே, இந்த அழுகைதான். 7-ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரே ஆலங்காட்டுப் பதிகத்தில் இதைக் குறிப்பிடுகிறார்.

தூக்கத்தில் கொல்வதெல்லாம் அமுக்குப் பேய் வேலை. நெஞ்சில் ஏதோ ஏறி அமுக்குகிற மாதிரி அசைய முடியாமல் கிடப்பதற்கு வைத்தியரே காரணம் சொல்லிவிடுவார்: மனம் விழித்துவிட்டது, கை கால் இன்னும் விழிக்கவில்லை என்று. கதையை அதில் வீணடிக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:
வாத்தியார் ஊர்ச் சபையைச் சொன்னார். எனக்கு வேறு சந்தேகம் தம்பி. அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லையா? 61 நாள் யாருமே தேடலையா? எங்கள் வீட்டில் என் பாட்டியோட தங்கை, கல்யாணத்துக்கு முன்னாடியே போய்விட்டவர். இன்றைக்கும் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் பூவாடைக்காரி என்று அவருக்குப் புடவையும் பூவும் வைத்துப் படைத்துவிட்டுத்தான் மற்றது. படைக்க ஆளிருந்தால் அவள் வீட்டுத் தெய்வம். உங்கள் பொண்ணுக்கு யாரும் புடவை வைக்கவில்லை, அதனால்தான் பேய். அதை எழுதுங்கள். கொம்பெல்லாம் வேண்டாம்.

ராயபுரம் ராவடி:
அப்போ இறக்கைக்குப் பதிலா புடவையா? பட்ஜெட் கம்மிதான்.

ஐஸ்பார்:
அக்கா, அம்மா இருக்கிறாள். எழுத மறந்தே போனேன். நேற்று ராத்திரி எழுதினேன்: அவள் பஞ்சாயத்துக்குப் போகிறாள், எவனோடாவது ஓடியிருப்பாள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பிறகு அதே பஞ்சாயத்துக்கு முன்னால் மகள் வந்து நிற்கிறாள். காசிமேட்டில் கள்ளிக்கு எங்கே போவது? ஐஸ் பார் ஒன்றைப் பிள்ளையாக்கிச் சாக்கில் சுற்றித் தூக்கி வருகிறாள். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, பிள்ளை சிறுத்துக்கொண்டே வருகிறது. கரைவதற்குள் முதலாளி இடுப்பில் இருக்கிற வலை அறுக்கும் கத்தியை வாங்கி வைக்கச் சொல்லிப் பஞ்சாயத்து வாக்குக் கொடுக்க வேண்டும்.

கொண்டித்தோப்பு வாத்தியார்:
இது நீலிதான். சரி, முதலாளி செத்த பிறகு உங்கள் பஞ்சாயத்து தீயில் இறங்குமா?

ஐஸ்பார்:
இந்தக் காலத்தில் யார் சார் இறங்குவார்கள்? மூன்று நாளாக அங்கேயேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வண்டி வந்துவிட்டது, 40 பார் ஏற்ற வேண்டும். அப்புறம் வருகிறேன்.