நம்ம குடும்பம் (ஆஸி)

மாலா அத்தை: [வீடியோ, பலமுறை பகிரப்பட்டது]
மாலா அத்தை: இதான் நாம போகப் போற கேத்ரின் கார்ஜாம் (பாறைக்கு நடுவுல ஆறு ஓடுற பள்ளத்தாக்கு). யாரும் தண்ணில இறங்க வேணாம்

கார்த்திக்: ஐயோ

குமார் சித்தப்பா: அக்கா, வீடியோல இருக்கிறது உப்புத்தண்ணி முதலை, மூஞ்சி அகலம். கார்ஜ்ல வருஷம் முழுக்க இருக்கிறது நன்னீர் முதலை. மூக்கு ஒல்லியா நீளமா இருக்கும், சீண்டாட்டி சும்மா இருக்கும். மழைக்காலத்துல ஆறு ஏறும்போதுதான் உப்புத்தண்ணி முதலை உள்ள வரும். தண்ணி வடிஞ்சதும் ரேஞ்சருங்க பொறி வெச்சு, ராத்திரி லைட் அடிச்சுத் தேடின பிறகுதான் கேனோ (துடுப்புப் படகு) விடுவாங்க

பிரியா: சுருக்கமா சித்தப்பா

கார்த்திக்: கேனோ உண்டா இல்லையா

குமார் சித்தப்பா: உண்டு. ஆனா செப்டம்பர் கடைசில தண்ணி குறைவு. ஒரு கார்ஜுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பாறை மேல கேனோவைத் தூக்கணும். ரெட்டை கேனோன்னா ரெண்டு முனையிலயும் ஆள் பிடிக்கணும். பாசி வழுக்கும், செருப்பு ஆகாது, ஷூ போடுங்க. மணல் திட்டுல போர்டு இருந்தா இறங்காதீங்க, முதலை மணலைத் தோண்டி முட்டை வெச்சிருக்கும்

மாலா அத்தை: சும்மா இருக்கும்னியே

ராஜா மாமா: புளியோதரை யாரு

சுதா சித்தி: நான். தயிர் சாதமும்

குமார் சித்தப்பா: கேம்ப்ல சாப்பாட்டை வெளிய வைக்காதே, வாலபி (சின்ன கங்காரு மாதிரி) பையைக் கிழிச்சிடும்

மாலா அத்தை: படகுல போனா 13 கார்ஜும் பாக்கலாமா

குமார் சித்தப்பா: 2 மணி நேரப் படகுல 2 கார்ஜ்தான். நடுவுல சுமார் 400 மீட்டர் பாறை நடை, இந்த மண்ணோட பழங்குடி ஜாவோயின் மக்களோட பாறை ஓவியம் அங்கதான் இருக்கு. மாமா முட்டிக்கு யோசிங்க

ராஜா மாமா: முட்டி நல்லாத்தான் இருக்கு

மாலா அத்தை: இல்ல

முரளி: டார்வின்ல இருந்து எவ்வளவு தூரம்

குமார் சித்தப்பா: கேத்ரின் ஊருக்கு 320 கி.மீ., அங்கிருந்து கார்ஜுக்கு இன்னும் 30. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும், ரோட்டுல வாலபி, மாடு குறுக்க வரும். மெல்போர்ன்காரங்க பார்க் பாஸ் ஆன்லைன்ல எடுங்க, நார்தர்ன் டெரிட்டரில இருக்கிற எங்களுக்கு வேண்டாம்

முரளி: அதானே

மாலா அத்தை: முரளி ஓட்ட வேணாம்

முரளி: ஏன்?

சுதா சித்தி: அந்தப் பேச்சு இப்ப வேணாம்

குமார் சித்தப்பா: கேனோவுக்குப் பேர் குடுங்க, லீவுல சீக்கிரம் தீந்துடும்

கார்த்திக்: நான்

ராஜா மாமா: படகு. கேனோவும்

பிரியா: நான் +1

மாலா அத்தை: அந்த +1 யாரு