வாரநடுவில் மாலை கிரிக்கெட் லீக் ஆடுபவர்களே, ஆட்ட விதியால் மனம் கசந்த அனுபவம் உண்டா?

ஸ்கோர்புக் (தென் லண்டன்)

இங்கே பாதிப் பேர் புதன், வியாழன் மாலைகளில் ஆடுகிறவர்கள்தான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 20 ஓவர், ஆறேகாலுக்கு முதல் பந்து, 25 அடித்தால் ரிட்டயர் (அவுட் ஆகாமலே வெளியே வர வேண்டும்), பேட்டிங் அணியில் அவுட்டானவர்களே அம்பயர். தெரிந்த கதை.

போன ஆகஸ்டில் ஓர் ஆட்டம். எங்களுக்குப் பத்துப் பந்தில் ஒன்பது ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். அன்று ஓர் ஆள் வேலையில் மாட்டிக்கொண்டதால், அணியில் ஆடும் ஒருவரின் மகனையே பதினோராவதாகச் சேர்த்திருந்தோம். பதினான்கு வயது. நான்-ஸ்ட்ரைக்கராக, அதாவது பவுலர் முனையில் நிற்கும் பேட்டராக, நின்றிருந்தான். பவுலர் ஓடி வந்தார், பந்தை விடாமல் நின்றார், பெயில்ஸைத் தட்டினார், "ஹவ் இஸ் தட்" என்றார். பையனின் மட்டை கிரீஸுக்கு அரை அடி வெளியே. எச்சரிக்கை எதுவும் கிடையாது.

அந்த முனையில் அம்பயராக நின்றது அவனுடைய அப்பா.

அவர் எதிரணி கேப்டனைப் பார்த்தார். கேப்டன் மிட்-ஆஃபில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அப்பா விரலைத் தூக்கினார். பந்து வீசும் முன்பே நான்-ஸ்ட்ரைக்கர் கிரீஸை விட்டு வெளியே இருந்தால் விதிப்படி அவுட், வேறு வழியில்லை. மகன் அப்பாவைக் கடந்து நடந்து வந்தான், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஸ்கோர் புக்கில் ரன் அவுட் என்று எழுதினேன். ரன் அவுட் பவுலர் கணக்கில் சேராது. அவருக்கு ஒரு விக்கெட்கூட ஏறவில்லை, ஆனால் ஆட்டம் முடிந்துவிட்டது.

எங்கள் லீக்கின் விதித்தாள் ஒரே பக்கம். கடைசி வரி, "மற்றவை எம்சிசி விதிகளின்படி" (எம்சிசி என்பது கிரிக்கெட் விதிகளை எழுதும் லண்டன் கிளப்). அந்த எம்சிசி விதியிலேயே, அம்பயரின் சம்மதத்தோடு கேப்டன் அப்பீலைத் திரும்பப் பெறலாம் என்று இருக்கிறது, பேட்டர் மைதானத்தை விட்டுப் போவதற்கு முன் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவன் பெவிலியன் வந்து சேரும்வரை நேரம் இருந்தது. உங்கள் லீக்குகளில் இதற்குத் தனியாக ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

ஆஃப்ஸ்பின் (லெஸ்டர்)

நண்பரே, வருத்தம் புரிகிறது, ஆனால் பவுலரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் இந்தியாவின் வினு மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி அவுட் ஆக்கினார். அதற்கு முன்பே அதே பயணத்தில் வேறொரு ஆட்டத்தில் எச்சரித்து, பிறகு அவுட்டும் ஆக்கியிருந்தார். ஆஸ்திரேலிய கேப்டன் பிராட்மன் மன்கட் பக்கம்தான் பேசினார். ஆனாலும் எழுபது வருடம் இப்படி அவுட் ஆக்குவதை 'மன்கடிங்' என்று சொல்லி, ஓர் இந்தியரின் பெயரை வசைச்சொல்லாக வைத்திருந்தார்கள். 2019-இல் ஜெய்ப்பூர் ஐபிஎல் ஆட்டத்தில் அஷ்வின் பட்லரை இப்படி அவுட் ஆக்கியபோது அஷ்வின் என்னென்ன வசை கேட்க வேண்டியிருந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2022 அக்டோபரில்தான் எம்சிசி இதை 'முறையற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் விதிக்குள் வைத்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் லார்ட்ஸில் இந்தியாவின் தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை இப்படி அவுட் ஆக்கியிருந்தார்.

என் அனுபவம் ஒன்று. நானும் இதே மாதிரி அவுட்டானேன். எங்கள் ஆட்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து "ஷேம், ஷேம்" என்று கத்தினார்கள். பவுலர் பத்தொன்பது வயதுப் பையன், அந்த சீசனில்தான் சேர்ந்திருந்தான். கை நடுங்க அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அவன் முகம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. விதிக்குள் ஆடியவனை முப்பது, நாற்பது வயது ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து அவமானப்படுத்தினார்கள். அவன் மறுபடி வரவேயில்லை.

நான்-ஸ்ட்ரைக்கர் கிரீஸுக்குள் நின்றால் பிரச்சினையே இல்லை. வயதைப் பார்த்து விதி மாறாது.

ஸ்கோர்புக் (தென் லண்டன்)

ஆஃப்ஸ்பின், பவுலரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மறுபடி படியுங்கள். அஷ்வின் செய்தது சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அது சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களின் ஆட்டம். நான் கேட்பது கேப்டனைப் பற்றி. 1987 உலகக்கோப்பையில் லாகூரில் வெஸ்ட் இண்டீஸ் பவுலர் கோர்ட்னி வால்ஷ் கடைசிப் பந்தில் பாகிஸ்தானின் சலீம் ஜாஃபரை இப்படி அவுட் ஆக்காமல் எச்சரித்து மட்டும் விட்டார். வெஸ்ட் இண்டீஸ் அந்த ஆட்டத்தில் தோற்றது, அரையிறுதிக்கும் போகவில்லை. அவர்கள் பணயம் வைத்தது அவ்வளவு. எங்கள் லீக்கில் கோப்பைகூடக் கிடையாது, ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே பப்புக்குத்தான் போகிறோம். அன்று அந்த அப்பாவும் மகனும் வரவில்லை.

வல்வை இடக்கையன் (ஹாரோ)

மன்கட் கதையை ஒரு பக்கம் வையுங்கோ. எனக்கு உறுத்துவது ரிட்டயர் விதி.

எங்கட லீக்கிலும் 25 அடித்தால் வெளியே வர வேண்டும். எல்லோருக்கும் மட்டை கிடைக்கத்தான் அந்த விதி. ஒரு முறை எதிரணியில் ஒருவர் 24-இல் நின்றார். நல்ல ஆட்டக்காரர், சனிக்கிழமைகளில் முதல் அணிக்கு ஆடுபவர். ஒரு ரன் எடுத்தால் போக வேண்டும் என்பதால் சிங்கிள் எடுக்க மாட்டார், பவுண்டரிக்கு ஏற்ற பந்து வரும்வரை தட்டித் தட்டி வைக்கிறார். மறு முனையில் அவரின் அணிக்காரர், அறுபது தாண்டிய ஐயா ஒருவர். இரண்டு தரம் ஓடி வர, இரண்டு தரமும் திருப்பி அனுப்பினார். மூன்றாம் தரம் ஐயாவால் திரும்ப முடியவில்லை. பாதிப் பிட்ச்சில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்க, எங்கட பவுலர் பெயில்ஸை எடுத்தார். அடுத்த பந்து அவர் சிக்ஸ் அடித்து, 30 ஓட்டங்களோடு கை தட்டு வாங்கிக்கொண்டு போனார். ஐயா அன்று சந்தித்தது நாலு பந்து.

எழுதின விதி ஒன்றையும் அவர் மீறவில்லை. அடுத்த வருடம் நாங்கள் கேட்டுச் சேர்த்தது: 25 ஓட்டம் அல்லது 30 பந்து, எது முதலில் வருகிறதோ அதோடு வெளியே. இன்னொன்றும் எழுதிவிடுங்கோ. ரிட்டயர் ஆனவர் திரும்ப வரலாமா, வந்தால் எந்த வரிசையில் என்று. எம்சிசி விதியில் காயமோ சுகவீனமோ இல்லாமல் வெளியே போனால், எதிரணி கேப்டன் சம்மதித்தால் ஒழிய அது ரிட்டயர்ட் அவுட். "மற்றவை எம்சிசி" என்று மட்டும் போட்டுவிட்டால், 25 அடித்தவர் ஒன்பது விக்கெட் போன பிறகு திரும்ப வர ஏலாது. இதற்காக எங்கட மைதானத்தில் கால் மணித்தியாலம் சண்டை நடந்தது.

தேர்ட் மேன் (பர்மிங்ஹாம்)

எல்லோரும் விதித்தாள் பற்றிப் பேசுவதால், பல வருடம் எங்கள் லீக்கின் கூட்டங்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சிலது சொல்கிறேன். என் கதை சின்னது. ஒரு ஆட்டத்தில் எங்கள் பவுலர் ஒரே ஓவரில் பதிமூன்று பந்து போட்டார், எல்லாம் வைட். பேட்டர் சலித்துப்போய் மட்டையை ஸ்டம்பில் சாய்த்துவிட்டு மைதானத்தின் நடுவே உட்கார்ந்துவிட்டார். அதுதான் கதை.

இப்போது யோசனை. முதலில் வைட். வைட்டுக்கு இரண்டு ரன் கொடுங்கள், திரும்பப் போட வேண்டாம், கடைசி ஓவரில் மட்டும் திரும்பப் போடட்டும். மாலை ஆட்டத்தில் நேரம்தான் எல்லாம். ஜூன் கடைசியில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், ஆகஸ்ட் கடைசியில் எட்டு மணிக்கே சூரியன் போய்விடும். இரண்டுக்கும் ஒரே 20 ஓவர் என்று எழுதினால் எப்படி? ஆகஸ்டுக்கு 16 ஓவர் போதும். சில லீக்குகளில் எட்டுப் பந்து ஓவர் வைத்து முனை மாறும் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். புதுமை ஒன்றும் இல்லை, ஆஸ்திரேலியாவில் 1978-79 வரை டெஸ்டே அப்படித்தான் ஆடினார்கள். 2003-இல் கவுண்டிகள் (இங்கிலாந்தின் தொழில்முறை மாவட்ட அணிகள்) டி20 ஆரம்பிக்கும் முன்பே இந்த நாட்டில் வேலை முடிந்து வந்து 20 ஓவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள், இந்த ஆட்டம் நம்மைப் போன்றவர்களுடையது.

அடுத்து எல்பிடபிள்யூ, ஸ்டம்புக்குப் போகும் பந்து காலில் பட்டால் கொடுக்கும் அவுட். பேட்டிங் அணியே அம்பயர் என்றால், சந்தேகத்துக்கு இடமே இல்லாதபோது மட்டும் கொடுங்கள் என்று இரண்டு கேப்டன்களும் டாஸின்போதே பேசி வைத்துக்கொள்ளலாம். ஒரு பவுலருக்கு நான்கு ஓவர் என்பதை மூன்றாக்கினால் ஏழு பேருக்குப் பந்து கிடைக்கும்.

ஸ்கோர்புக்குக்கு ஒன்று. பையன்களைச் சேர்க்கும்போது இசிபி (இங்கிலாந்து, வேல்ஸ் கிரிக்கெட் வாரியம்) வழிகாட்டுதல்களைக் கட்டாயம் பாருங்கள். பதினெட்டுக்குக் கீழ் இருந்தால் பேட்டிங்கில் ஹெல்மெட் வேண்டும். 15 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இருக்கும் பையன், விக்கெட்டுக்குப் பின்னால் ஆஃப் பக்கம் தவிர, பேட்டருக்கு எட்டு கஜத்துக்குள் ஃபீல்டிங் நிற்கக் கூடாது. வேகப்பந்து போட்டால் ஓவர் வரம்பும் உண்டு. வயதைப் பார்த்து விதி மாறாது என்று ஆஃப்ஸ்பின் சொன்னது தவறு. மாறுகிறது, எழுத்திலேயே இருக்கிறது.

ஆஃப்ஸ்பின் (லெஸ்டர்)

தேர்ட் மேன், அது பாதுகாப்பு. நான் சொன்னது அவுட் பற்றி.

வேளச்சேரி டர்ஃப்

நான் சென்னையில் ஆடுகிறேன். ஆபீஸ் முடிந்து புதன் இரவு, வலைக்குள் ஆறு பேர் ஏழு பேர். எங்களுக்கு எம்சிசியும் இல்லை ஒன்றும் இல்லை. டாஸுக்கு முன்னால் சத்தமாகச் சொல்லிவிடுவோம்: ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் (ஒரு முறை தரையில் பட்ட பந்தை ஒரே கையில் பிடித்தாலும் அவுட்) உண்டா, மேல் வலையில் பட்டு வந்த கேட்ச் அவுட்டா, ஆள் குறைந்தால் ஜோக்கர் இரண்டு பக்கமும் பேட் பண்ணலாமா. சொல்லாததை வைத்து நடுவில் சண்டை போடக் கூடாது என்பதுதான் ஒரே விதி.

ஒரே ஒரு தடவை பிசகியது. பத்து மணிவரை புக்கிங். மூன்று பந்தில் நாலு ரன், நான் பேட்டிங். பவுலர் ஷூ லேஸ் கட்டினார், ஃபீல்டிங் மாற்றினார், தண்ணீர் குடித்தார். பத்து அடித்தது, லைட் அணைந்தது. இருட்டில் அவர்கள் பக்கம் சிரிப்புச் சத்தம். நேரம் கடத்துவதைப் பற்றி யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லையே! இப்போதெல்லாம் கடைசிப் பத்து நிமிடத்தில் எந்த ஓவர் ஓடினாலும் முடித்தே ஆக வேண்டும், பணம் கூடுதலானால் பவுலிங் அணி கொடுக்கும்.

கீப்பர், நெல்லை (ரெடிங்)

மேலே இரக்கம், பெருந்தன்மை என்று நிறையப் பேசிவிட்டீர்கள். மறுபக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் அணி ஆண்களும் பெண்களும் கலந்தது. கல்லூரிவரை கிரிக்கெட் பந்தில் ஆடியவள் நான். முதல் பந்து வெளியே போனது, நான் தொட்டேன், கீப்பர் பிடித்தார். சுத்தமான எட்ஜ், மைதானம் முழுக்கக் கேட்டது. ஒருவரும் அப்பீல் செய்யவில்லை. எதிரணி கேப்டன் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை, இன்னொரு பந்து ஆடுங்கள்" என்றார். ஸ்லிப்பில் நின்றவர் கை தட்டினார், குழந்தை முதல் அடி வைத்தால் தட்டுவார்களே, அந்த மாதிரி.

நான் கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்து வந்துவிட்டேன். அப்பீல் இல்லாமல் அம்பயர் அவுட் கொடுக்க முடியாது. ஆனால் தான் அவுட் என்று தெரிந்த பேட்டர் தானே வெளியே போகலாம், அதுவும் விதியிலேயே இருக்கிறது. அந்த கேப்டனுக்குக் கோபம் வந்துவிட்டது, "ஃப்ரெண்ட்லிதானே" என்று பின்னாலிருந்து சொன்னார். அவர் எங்கள் அணியில் வேறு யாருக்கும் இன்னொரு பந்து கொடுக்கவில்லை. எனக்கு முன் டக் அவுட்டானவர் அறுபத்தைந்து வயதுக்காரர், இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து வந்தவர். அவருக்காக மைதானத்தில் எல்லாரும் ஓடி வந்து கத்தி அப்பீல் செய்தார்கள்.

அதனால் ஸ்கோர்புக் அண்ணே, அந்தப் பையனிடம் யாராவது கேட்டீர்களா? "சின்னப் பையன், போகட்டும்" என்று எல்லார் முன்னாலும் கேப்டன் திருப்பிக் கூப்பிட்டிருந்தால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? எச்சரிக்கை வேண்டுமென்றால் எழுதுங்கள், எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை என்று எழுதுங்கள். அப்போது அது யாரும் யாருக்கும் போடும் பிச்சை ஆகாது.

ஸ்கோர்புக் (தென் லண்டன்)

இந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை தங்கச்சி. "ஒரு அணிக்கு ஆட்டத்தில் ஒரு எச்சரிக்கை, அதற்குப் பிறகு அவுட்" என்று மார்ச் கூட்டத்தில் முன்வைக்கிறேன். ஆஃப்ஸ்பின், உங்கள் பவுலர் பையனுக்கும் இது உதவும். அவன் முதலில் எச்சரித்துவிட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் யார் அவனைப் பார்த்துக் கத்த முடியும்?

ஆஃப்ஸ்பின் (லெஸ்டர்)

எல்லோருக்கும் பொது என்று எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுதாமல் எதிர்பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

மிட்விக்கெட் (குரோய்டன்)

தாமதமாக வருகிறேன். வெளிச்சத்தைப் பற்றி தேர்ட் மேன் ஓவர் கணக்கோடு நிறுத்திவிட்டார், அது போதாது.

ஆகஸ்ட் கடைசி வாரம், எட்டடிக்கப் பத்து நிமிடம். பழைய சிவப்புப் பந்து, பின்னால் மரங்கள். இனி ஸ்பின் மட்டும் என்று இரண்டு கேப்டன்களும் கை கொடுத்துப் பேசிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மூன்று ஓவர் ஒழுங்காகப் போனது. கடைசி ஓவருக்கு ஏழு ரன் என்றதும் அவர்களுடைய கேப்டன் பந்தைத் துடைத்து வேகப்பந்து வீச்சாளர் கையில் கொடுத்தார். எங்கள் பேட்டர் பந்தைப் பார்க்கவேயில்லை, ஆடவும் இல்லை. தோளுக்குக் கீழே எலும்பில் பட்ட சத்தம் ஸ்கொயர் லெக்கில் அம்பயராக நின்ற எனக்குக் கேட்டது. காலர் எலும்பு முறிவு. ஓட்டுநர் வேலை, பல வாரம் வண்டி எடுக்க முடியவில்லை.

வெளிச்சம் ஆபத்தாக இருந்தால் அம்பயர்கள் நிறுத்தலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் நாங்கள் இரண்டு அம்பயர்களும் பேட்டிங் அணிக்காரர்கள். துரத்தும்போது நாங்களே நிறுத்தினால் தோல்விக்குப் பயந்து நிறுத்தியதாகச் சொல்வார்கள், அதுவும் எங்கள் லீக்கில் முடியாத ஆட்டத்துக்கு இரண்டு அணிக்கும் பாயிண்ட் இல்லை. ஸ்கோர்புக், மார்ச் கூட்டத்தில் இதையும் எடுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கடைசி நேரம், அந்த நேரத்துக்குப் பிறகு வேகப்பந்து கிடையாது, ஆட்டம் நின்றால் அதுவரை ஆடிய ஓவர்களின் ரன் சராசரி வைத்து முடிவு. மைதானத்தில் கை கொடுத்துப் பேசியதை இரண்டு அம்பயர்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்றும் சேருங்கள். எங்கள் லீக்குக்கும் நான் இதையே எழுதி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.